சீட்டில் ஆள் இருந்தால்தான் ஓடும்

நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. நான் பேய்க் கதை சொல்லித் திரிகிற ஆள் இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். பெயர் காஷிஃப். இது நடந்தது போன மே மாதம், கத்திரி வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில். ராத்திரி நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன்.

அடையாறில் ஆற்றை ஒட்டி ஒரு தனியார் கிரிக்கெட் மைதானம். பெயர் வேண்டாம். அங்கே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்று இருக்கிறது, இருபது வயசுக் கிழம். அதற்குக் கியர் கிடையாது. முன்னால் போக ஒரு பெடல், பின்னால் போக ஒரு பெடல். காலை எடுத்தால் நின்றுவிட வேண்டும். இந்தக் கிழம் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் முன்பு, அதை ஓட்டுகிற செந்தில்குமாரை ஷெட் சுவரோடு வைத்து நெருக்கியிருக்கிறது. முட்டி வீங்கி நொண்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மேட்ச். புல் வெட்ட, வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவன் அதே வண்டியில் ஏறியாக வேண்டும். "நீ பாத்துக் குட்த்தாதான் பாய் ஏறுவேன்" என்றான். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு அவன் சாப்பிடப் போனான். ஷெட்டில் நான் மட்டும். ஒரு மணிக்கு ஜும்ஆ தொழுகை, அதற்குள் முடிக்கிற அவசரம். பின் சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்தேன். பக்கத்தில் நின்றபடியே சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெடலில் கால் இல்லை, ஆனாலும் சக்கரம் மெல்லச் சுற்றியது. தெரிந்த நோய்தான். அடியில் மல்லாந்து படுத்து, பெடலிலிருந்து போகும் ராடை நகராமல் பிடித்துவைக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைக் கால் சுற்று திருகினேன். சக்கரம் நின்றது. மணி 12.17.

12.19. சக்கரம் மறுபடி சுற்றியது.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். முன் பெடல் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. ஏறியது. இறங்கியது... டக்... டக்... யாரோ பொறுமையில்லாமல் காலால் தட்டுவது போல. எஞ்சின் அதிர்வு என்று நினைத்து, பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. இந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் எஞ்சின் ஓடும். ஆளில்லாமல் ஓட்டிப் பார்க்க நாங்கள் அதில் ஒரு துண்டு ஒயரை மாட்டிக்கொள்வோம்.

மாட்டினேனா?

சட்டைப் பையைத் தடவினேன். ஒயர் பையில் இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது...

கிரீச்... தலைக்கு மேலே சீட் அழுந்தியது. யாரோ குனிகிறார்கள்... என்னைப் பார்க்க...

எப்படி வெளியே வந்தேன், தெரியாது. சாவியைப் பிடுங்கினேன். சீட் காலி. நடுவில் மட்டும் ஒரு பள்ளம். நான் பார்க்கப் பார்க்க அது மெதுவாக மேலே எழும்பியது.

மணி 12.24.

இனி சொல்வதுதான் எனக்கு வெட்கம். லாக் நட்டை நான் திரும்ப இறுக்கவில்லை. மறுபடி அடியில் படுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நட்டு இறுகாவிட்டால் ஓடும்போது ராடு விலகும், காலை எடுத்தாலும் வண்டி நிற்காமல் ஆற்றுச் சரிவில் இறங்கலாம். அது தெரிந்தும், செந்தில்குமார் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி, அவனோடு சேர்ந்து வண்டியை இறக்கிவைத்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். தொழுகையில் மனசு நிற்கவில்லை.

4.10க்குப் போன்.

"பாய், நட்டு இன்னும் இறுக்கலியாமே. என்னை அடியில பூந்து இறுக்கச் சொல்றாரு."

யார் என்று கேட்டேன்.

"உன்கூட வந்த பெரியவருதான். சீட்டுல குந்திகினு கீறாரு."

நட்டை இறுக்காதது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

"அடியில போகாத செந்திலு. நட்டை நான் இறுக்கல. ஆனா நான் தனியாதான் வந்தேன்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம். பிறகு... எஞ்சின் பிடிக்கும் சத்தம்.

"பாய்... சாவி என் கையில கீது."

ஓடு என்று கத்தினேன்.

ஓடிவிட்டான். அல்லாஹ்வுக்கு அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அவன் அந்த மைதானத்துப் பக்கம் பிறகு போகவே இல்லை.

மறுநாள் காலை அங்கே ஸ்டோர் பார்க்கிற குலாம் முகம்மதுவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆறு வருஷத்துக்கு முன்பு அந்த வண்டியை ஓட்டியவர் சங்கரன். நட்டை இறுக்க அடியில் படுத்தபோது வண்டி நகர்ந்து மேலே ஏறி, அங்கேயே இறந்துபோனாராம்.

அப்படியென்றால் சீட்டில் இருந்தது சங்கரனா என்று கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். சங்கரன் அடியில் போனதை இவர் ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். அப்போதே சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, கீழே கை காட்டிக்கொண்டிருந்தாராம்.

"மெக்கானிக்குனு நெனச்சு ரெண்டு டீ சொல்லிவிட்டேன். அன்னிக்கி நாங்க எந்த மெக்கானிக்கையும் கூப்பிடவே இல்ல."