அப்பா பாதியில் திரும்பிய சுற்றுலா

ஈரம் காயாத தலையோடு ஏசி பஸ்ஸில் உட்கார்ந்தால் குளிர் முதலில் காதின் பின்பக்கம்தான் பிடிக்கும். அங்கிருந்து மெல்லப் பிடரிக்கு இறங்கி, சட்டைக் காலருக்குள் புகுந்து, முதுகுத்தண்டு வழியாக ஒரு ஊசியைப் போல நகரும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போன பஸ்ஸில் நானும் தம்பியும் அம்மாவும் அப்படித்தான் நனைந்த தலையோடு உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் பவுடர் பூசி, புதுச் சட்டை போட்டு, முந்தின நாள் வாங்கிய சாக்லெட்டுகளை ஒருவருக்கொருவர் நீட்டிக்கொண்டு வந்தார்கள். அதே பஸ்ஸில் எங்களுக்கு மட்டும் "எழவு". அது எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. எங்கள் ஊர் கேரள எல்லைக்குள், பாலக்காட்டை அடுத்த பெருமாட்டிப் பக்கம். தென்னந்தோப்பும் நாலைந்து மாடுகளும் உள்ள குடும்பம். தோப்பை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்குவதென்றாலே அப்பாவுக்கு ஆகாது. மோட்டார் ஓடுகிறதா, மாடு தண்ணி குடித்ததா என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே கேட்பவர் அவர். அப்படிப்பட்டவரை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சுற்றுலா கிளப்பியது அம்மாவின் ஆசையும், அப்பாவைப் பெற்ற எங்கள் "அப்பாரு"வின் ஒரே ஒரு வார்த்தையும்தான். "தென்ன எங்கயும் போயிராது, நீ போயிட்டு வா" என்றார் அப்பாரு. பாலக்காட்டிலிருந்த ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் சுற்றுவட்டாரக் குடும்பங்களையெல்லாம் சேர்த்து அழைத்துப்போனார். கொச்சி விமான நிலையத்தில் அம்மா அப்பாவின் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டே எல்லாக் கவுண்டர்களையும் கடந்தாள். பொள்ளாச்சிச் சந்தைக்குக்கூட அவள் தனியாகப் போனதில்லை.

கோலாலம்பூரில் இரண்டாம் நாள் காலை, ஓட்டலில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏற்பாட்டாளரின் கைபேசிக்கு ஊரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். அப்பாருவுக்கு நெஞ்சுவலி, பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அப்பா கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தவர், அதன்பின் உட்காரவே இல்லை. வரவேற்பறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். அன்று மதியம் கிளம்பும் விமானத்தில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது.

"நீங்க போங்க. நான் கொழந்தைகளக் கூட்டிட்டு இவங்களோடயே வந்தர்றேனுங்க" என்றாள் அம்மா.

"உன்னால முடியுமா புள்ள?"

"முடியாட்டி என்ன பண்றதுங்க?"

அப்பா என் தலையைத் தொட்டு, "தம்பி கையை விடாத அம்மிணி" என்று சொல்லிவிட்டு டாக்சியில் ஏறிப் போனார். அன்றைக்கு எங்களை ஒரு குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். படிகளில் குரங்குகள் இருந்தன. தம்பி குரங்கைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம் நான் அவன் கையை அழுத்தினேன், சிரிக்கலாமா கூடாதா என்று எனக்கே தெரியாமல்.

மறுநாள் விடியலில் அறைத் தொலைபேசி அடித்தது. அம்மா நின்றுகொண்டே கேட்டாள். ரொம்ப நேரம் "சரிங்க, சரிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு எங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, நேராகச் சொன்னாள்: "அப்பாரு போயிட்டாருடா கண்ணு. நாம போற வரைக்கும் வெச்சிருக்க முடியாது, இன்னைக்கே எடுத்துருவாங்க."

நான் அழத் தொடங்கியதும் அவள் என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பிறகுதான் பச்சைத்தண்ணீரை எங்கள் தலையிலும் தன் தலையிலும் ஊற்றினாள். துவட்டும்போது சொன்னாள்: "கீழ யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஒவ்வொருத்தரும் எத்தன ஆசையா வந்திருக்காங்க. சொன்னா நம்ம பக்கத்துல உக்காந்து சாப்பிடலாமா வேண்டாமான்னு அவங்களுக்குச் சங்கடம். ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் நமக்குள்ளயே இருக்கட்டும்."

அந்தப் பஸ் பயணம் எனக்கு முடிவதாகவே தெரியவில்லை. சாலையின் இருபுறமும் எண்ணெய்ப்பனைத் தோட்டம், வரிசை வரிசையாக, தென்னையைப் போலவும் தென்னை அல்லாமலும் ஓடிக்கொண்டே இருந்தது. என் கால்கள் நிலைகொள்ளவில்லை. முன் இருக்கையின் பின்பக்கத்தைக் கால்விரலால் உதைப்பதும், காலை மடக்குவதும், நீட்டுவதுமாக இருந்தேன். இந்நேரம் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருப்பார்களா, இந்நேரம் குளிப்பாட்டுவார்களா, இந்நேரம் தூக்கியிருப்பார்களா என்று மனசு தனியாக வேறொரு பக்கம் ஓடியது. பஸ் நின்ற இடங்களிலெல்லாம் யாராவது ஒருவர் அம்மாவிடம் வந்து, "மாமனாருக்கு இப்ப எப்புடிங்க இருக்குது?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் "பரவால்லீங்க" என்றாள். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டு, திரும்பி, ஜன்னல் திரையைச் சரிசெய்வதுபோல ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லையில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி தமிழர். அம்மாவின் பாஸ்போர்ட்டையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார். "அவரு முன்னாடியே ஊருக்குப் போயிட்டாருங்க" என்றாள் அம்மா. "ஏன்?" என்றார் அவர். அம்மா சொல்லைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் தம்பி எக்கி நின்று, கண்ணாடிக்கு உள்ளே கேட்கிற குரலில், "எங்க அப்பாரு செத்துப்போயிட்டாரு, அதான்" என்றான்.

அதிகாரி வேறெதுவும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு அடுத்து வரிசையில் நின்றவர் எங்கள் குழுவில் வந்த கொழிஞ்சாம்பாறை ஊர்ச் சரசக்கா. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர், பஸ்ஸில் எங்களுக்கு நாலு வரிசை முன்னால் கணவரோடு உட்கார்ந்தவர். கணவர் அப்போது வேறு வரிசையில் நின்றார். சரசக்கா காதில் விழாமல் இருந்திருக்காது. நான் பயந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பஸ் கிளம்பியதும் சரசக்கா எழுந்து வந்து, என்னைத் தன் இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் இடிக்கும்படி நெருங்கித்தான் உட்கார்ந்தார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மா அவர் தோளில் முகத்தை வைத்திருந்தாள். அப்பாரு இறந்த பிறகு அம்மா அழுததை நான் பார்த்தது அப்போதுதான். சரசக்கா அந்தச் செய்தியைத் தன் கணவரிடம்கூடச் சொல்லவில்லை என்பது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

மறுநாள் சிங்கப்பூரில் கடற்கரையோரம் டால்பின் காட்சி. அம்மாவை ஒரு மரநிழலில் உட்காரவைத்துவிட்டு, சரசக்கா எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "அக்கா, நாங்க பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "கொழந்தைக பாத்தா ஒண்ணும் தப்பில்ல சாமி. உங்க அப்பாருதானே அனுப்பி வெச்சாரு" என்றார். நீரிலிருந்து டால்பின் எகிறி மேலே போனபோது நானும் கத்தினேன். கத்திவிட்டுத் திரும்பி அம்மா இருந்த பக்கம் பார்த்தேன். அவள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

கொச்சியில் விடியற்காலை இறங்கியபோது வெளியே ஒரு வண்டிகூட இல்லை. அன்று கேரளம் முழுக்க "ஹர்த்தால்", கடையடைப்பும் வண்டி மறியலும். சாயங்காலம்வரை வேன் வராது, எல்லோரும் உள்ளேயே இருக்கலாம் என்றார் ஏற்பாட்டாளர். குழுவினர் பெட்டிகளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவால் உட்கார முடியவில்லை. கண்ணாடிக் கதவு வரை போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். பிறகு, அப்பாவின் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டு வந்த அதே அம்மா, வெளியே நின்ற போலீஸ்காரரிடம் நேராகப் போய், தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னாள்: "என்டெ அம்மாயியச்சன் மரிச்சு சாரே. ஞங்ஙள்க்கு வீட்டில் போணம்." மாமனார் இறந்துவிட்டார், வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னாள்.

ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. போலீஸ் ஜீப்பில் எங்களை அங்கமாலி ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். கூட்டம் பிதுங்கிய ரயிலில் கதவோரம் பெட்டிமேல் தம்பியை உட்காரவைத்து, நானும் அம்மாவும் பாலக்காடு வரை நின்றோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும்போது அம்மா, "ஏன் நிக்குது, ஏன் நிக்குது" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பாலக்காட்டில் இறங்கினால் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பால் வண்டிகளை மட்டும் யாரும் மறிக்கவில்லை. காலிக் கேன்களோடு, எங்கள் ஊர் வழியில் இருக்கும் சித்தூர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வண்டியை அம்மா நடுரோட்டில் நின்று கைகாட்டி நிறுத்தினாள். ஓட்டுநர் எங்கள் பக்கத்து ஆள். அம்மா விவரம் சொல்லத் தொடங்கியதுமே, "பெரியவரு ஊட்டுக்கா? ஏறுங்க" என்றார். எங்களைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். புளித்த பால் வாடையும், பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமுமாக ஊர் வந்து சேர்ந்தோம். தோப்பு வழியில் பெட்டியின் சக்கரம் மண்ணில் உருள மறுத்தது. அம்மா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்ற, தலையும் மீசையும் மழித்த மனிதரைப் பார்த்துத் தம்பி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். அது அப்பா. அவர் ஓடிவந்து பெட்டியை இறக்கினார். எங்கள் மூவரின் முகத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, திக்கித் திக்கி அம்மாவிடம் சொன்னார்: "நான் போறப்ப ஐயனுக்கு நெனவு இருந்துச்சு புள்ள. என்னயப் பாத்ததும் வெய்யறாரு. கண்ணு காணாத தேசத்துல அதுகள உட்டுப்போட்டு நீ எதுக்குடா வந்தேங்கறாரு. அதயேதான் கேட்டுட்டு இருந்தாரு. அப்பறம் பேச்சு நின்னுபோச்சு."

அப்பாரு அப்படிப்பட்டவர்தான். சாயங்காலமானால் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்து சேரும்வரை தோப்புத் தடத்திலேயே நின்றுகொண்டிருப்பார், கடைசி ஆள் உள்ளே வந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

அம்மா கால்கூடக் கழுவாமல் உள்ளே போனாள். அப்பாருவின் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது, பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் இருந்தவரை அவர் எதிரே நின்று குரல் உயர்த்திப் பேசியிராத அம்மா, எங்கள் இருவரையும் விளக்குக்கு முன்னால் நிறுத்தி, அடுத்த அறையில் இருக்கும் ஒருவருக்குக் கேட்கச் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்: "மாமா, நாங்க வந்துட்டமுங்க. கொழந்தைக ரெண்டும் வந்தாச்சுங்க. பத்திரமா வந்துட்டமுங்க."

வாசலில் நின்ற அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்று சித்தப்பா பிறகு சொன்னார்.

அதன்பின் நாங்கள் நால்வரும் சேர்ந்து எந்த ஊருக்கும் சுற்றுலா போனதில்லை. அப்பா இன்றுவரை பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கியதில்லை. கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க, நான் ஊட்டுல இருக்கறேன்" என்பதோடு சரி. அம்மா அப்படியில்லை. தனியாக ரயிலேறுகிறாள், தம்பி வேலை செய்யும் பெங்களூருக்குப் போய்வருகிறாள். போன வருஷம் நான் அவளைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போனேன். அந்த டால்பின் காட்சி இப்போது இல்லை. நாங்கள் தங்கிய ஓட்டல் இருந்த தெருவை எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எங்களை அழைத்துப்போன ஏற்பாட்டாளரின் கடையும் பாலக்காட்டில் எப்போதோ மூடிவிட்டது. கடற்கரையில் தூரத்தில் வரிசையாகக் கப்பல்கள் நின்றன. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்தக் கப்பலெல்லாம் அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எனக்கு ஒண்ணுமே தெரியல பாரு" என்றாள்.

அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று நான் எழுந்து நின்றேன். நின்ற இடத்தில் கால் தரிக்காத பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மணலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ வேணும்னா போய்ட்டு வா கண்ணு" என்றாள். "நான் இன்னும் பாத்து முடிக்கல."