நான் போட்ட கொண்டி

என் தங்கச்சி வடக்கே ஒரு படையில் பதினோரு வருஷம் இருந்தாள். எந்தப் படை என்று இங்கே எழுதவில்லை. ஒருநாள் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு பசுவந்தனையில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். மேலதிகாரியோடு சண்டை என்று அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு மாடு பத்தப் போனவன். படித்த தங்கச்சியிடம் கேள்வி கேட்க எனக்கு எப்போதும் கூச்சம்.

வீட்டில் அவள் சுவரில் முதுகு படாமல் உட்காரமாட்டாள். யாராவது பின்னால் வந்தால் சட்டென்று திரும்புவாள். டாக்டரம்மா ஒருவர் கோவில்பட்டியில் நடக்கும் யோகா வகுப்புக்குக் கூட்டிப்போகச் சொன்னார். படையிலும் போலீசிலும் வேலை பார்த்த இடத்தில் மானபங்கப்பட்ட பெண்களுக்கான வகுப்பு என்றார். சண்டை என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலையை ஆட்டினேன். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் வண்டியில் கூட்டிப்போவேன். கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு. டீச்சர் முன்பு ராணுவத்தில் நர்ஸாக இருந்தவர். வகுப்பு முடியும்வரை நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னால் பொய். ஏறுவேன், இறங்குவேன், டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் திரும்புவேன்.

"படியைத் தேய்ச்சிராதிய அண்ணாச்சி. உள்ள வந்து நாலு குட்டிக்கரணம் போடுதியளா?" என்று வகுப்புக்கு வரும் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டம்மா கேட்டார்.

டீச்சர் சொல்வது படிக்குக் கேட்கும். "வேணும்னா கையைத் தூக்குங்க. வேண்டாம்னா சும்மா இருங்க. கண்ணை மூடணும்னு இல்ல." யாரையும் தொடவும் மாட்டார். இது என்ன யோகா என்று நினைத்தேன். தங்கச்சி இரண்டு வாரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம் அவள் செருப்பு வாசலில் கிடந்தது.

அன்றைக்கு மேல்காத்து. எங்கள் பக்கம் ஆடியில் காத்து கிளம்பினால் கை தானாகக் கதவுக்குப் போகும். இல்லையென்றால் சோற்றில் மண்தான். மாடிக்கதவு அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கேன்காரர் வேறு படியேறி வந்தார். பெண்கள் படுத்திருக்கிறார்களே என்று கதவைச் சாத்தி வெளிக்கொண்டியைப் போட்டேன்.

உள்ளிருந்து கதவில் அடி விழுந்தது. கொண்டி இறுகிப்போய்ச் சட்டென்று வரவில்லை. திறந்ததும் தங்கச்சி வெறுங்காலோடு என்னைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினாள். வண்டியருகே குனிந்து வாந்தியெடுத்தாள்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார். "இங்கன கதவு திறந்தே இருக்கணும் அண்ணாச்சி. வெளிய போக வழி தெரிஞ்சாத்தான் அவியளால உள்ள இருக்க முடியும்."

"மண்ணு அடிக்குதேன்னுதான் டீச்சர்…"

"தெரியும்."

அந்த வாரம் முழுக்கப் புன்செய்க் காட்டில் உழவு. உழுத இடத்தையே திரும்ப உழுதேன். இனி அவள் போவாளா? செருப்பைக் கழற்றியவளை நானே துரத்திவிட்டேனா? சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பழைய உரச்சாக்கில் பாதிக்குக் கரிசல் மண் அள்ளிக் கட்டினேன். மறுநாள் அதை வண்டியருகே வைத்துவிட்டு நின்றேன். வழக்கமாக "ஏட்டி, கிளம்பு" என்பேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"வேணும்னா போவோம். வேண்டாம்னாலும் சரி."

என்னையே பார்த்தாள். "நீயும் டீச்சராயிட்டியாண்ணே?" பிறகு, "மூட்டை எதுக்கு?"

"கதவுக்கு முட்டுக் கொடுக்க."

"மண்டபத்துல கல்லு கெடைக்காதாக்கும்."

"கல்லுன்னா கதவு மோதிச் சத்தம் கேக்கும்லா."

மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மாடியில் கதவை விரியத் திறந்து மூட்டையை வைத்தேன்.

"இன்னும் தள்ளி வைண்ணே. படி தெரியணும்."

தள்ளி வைத்தேன்.

"நீ கீழ்ப்படியில இரி. நடக்காத. உன் செருப்புச் சத்தம் பின்னால யாரோ வருத மாதிரியே இருக்கு."

மூன்று வாரமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தேன். கால் எழுந்து நடக்கத் துடித்தது, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். மேலே டீச்சர், "வேணும்னா படுங்க" என்றார். படுத்தாளா என்று பார்க்கக் கழுத்து தவித்தது. திரும்பவில்லை.

வரும்போது பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"மூட்டையை அங்கனயே போட்டுட்டு வந்துட்டேண்ணே. வாராவாரம் யாரு சுமக்க?"