புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி என் கைக்கு வந்தபோது துருவேறிக் கிடந்தது. அவர் இறந்ததும் அதை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் என் பெயருக்கு மாறி வருவதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே ஏதோ ஈரமான மூலையில் நின்றிருக்கிறது. அவருக்கு மகன் இல்லை. ஒரே மகளைக் கட்டியவன் நான். மலையடிவாரத்தில் வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையும் துப்பாக்கியும் சேர்ந்தே எங்களுக்கு வந்தன. கொல்லையை என் மனைவியின் சித்தப்பா மகன் பார்த்துக்கொண்டான். நான் செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திக் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குக் குடம் தெரியும், தவலை தெரியும். துப்பாக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, அந்த வருஷம்தான் சம்பந்தம் வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். மனைவி கிணற்றடியில் பித்தளைச் சாமான்களோடு துப்பாக்கிக் குழலையும் கிடத்தியிருந்தாள். அவள் அப்பா கட்டையிலிருந்து குழலைக் கழற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள், தானே கழற்றிவிட்டாள். புளியைக் கரைத்து அப்பி, நன்றாக ஊறவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற நீ?"

"பூஜையில வெக்க வேணாமா? எங்க நைனா சாமான் துரு புடிச்சிக் கெடக்குது, உங்களுக்கு இன்னா?"

துரு போயிருந்தது. ஆனால் அதற்கு அடியிலிருந்து வேறொன்று வந்திருந்தது. குழல் முழுக்க மெல்லிய கோடுகள். கறுப்பும் வெளுப்புமாகச் சுருண்டு சுருண்டு, ஈர மணலில் புழு ஊர்ந்த தடம் போல.

"விரிசல்," என்றேன்.

"அழகாத்தான் இருக்குது," என்றாள் அவள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சுடும்போது இடது கை பிடிப்பது குழலுக்குக் கீழேதான். குழல் வெடித்தால் முதலில் போவது அந்தக் கை. அடுத்தது கண். மறுநாள் அவள் குழலுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது கொல்லையைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனன் வந்து நின்றான்.

"மாமா, பன்னிங்க வந்து நாலு பாத்தியக் கெளறிட்டுப் போயிருக்குது. காயி முத்தற நேரம். இப்படியே உட்டா புடுங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. நீங்க இன்னாடான்னா துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சிக் கும்புட்டுக்கினு இருக்கீங்க."

"வெடிச்சிடும்டா. கோட்டப் பாரு."

"நெத்தியில கோடு இருக்கறவன்லாம் செத்தா பூட்டான்?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் நைனா வைத்திருந்த துப்பாக்கி யாரையும் எதுவும் செய்யாது என்பது அவள் கட்சி. அந்தக் கொல்லைதான் அந்த வருஷத்துக்கு எங்களுக்கு எண்ணெய், துணிமணி, எல்லாம். அதுவும் எனக்குத் தெரியும்.

பயம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கோடுகளை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நகத்தால் வருடினால் எதுவும் தட்டுப்படாது. இரண்டு குழலிலும் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. பாத்திரம் விரிசல் விட்டால் கோணல்மாணலாகத்தான் விடும். இது கோலப்பொடியில் இழுத்த மாதிரி இவ்வளவு ஒழுங்காக எப்படி விடும்? யாரைக் கேட்பது?

கடலூரில் துப்பாக்கிக் கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். குழலையும் கட்டையையும் தனித்தனியே பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். லைசென்ஸ் புத்தகம் சட்டைப் பையில் இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கண்டக்டர் மூட்டையைப் பார்த்தார்.

"இன்னா, நாயனமா? எங்க கச்சேரி?"

"இல்லீங்க, துப்பாக்கி."

அவர் சிரித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கடைக்காரர் குழலை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். "யாரு இதுக்கு ஆசிட் போட்டது?" என்று கேட்டார்.

"புளிங்க. வீட்டுல."

"புளியா!" என்று உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டுக் காட்டினார். பிறகு எனக்கு விளக்கினார். அந்தக் காலத்தில் இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்துக் கயிறு மாதிரி முறுக்குவார்களாம். முறுக்கியதை ஒரு கம்பியின்மேல் சுற்றிக் காய்ச்சி அடித்தால் குழல். புளிப்பு பட்டதும் இரும்பு ஒரு நிறமாகவும் எஃகு ஒரு நிறமாகவும் பிரிந்து தெரியும். நான் விரிசல் என்றது அந்த முறுக்கைத்தான்.

குழலை ஒரு கொக்கியில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினார். கோயில் மணிபோல் நின்று ஒலித்தது. விரிசல் விட்ட குடம் 'டொக்' என்று சொல்வதை ஆயிரம் தரம் கேட்டவன் நான். எனக்கு மூச்சு வந்தது.

"அவசரப்படாதீங்க," என்றார். "ஒட்டு நல்லா இருக்குன்னு மட்டும்தான் இந்தச் சத்தம் சொல்லும். உள்ள பாருங்க."

பார்த்தேன். வலது குழல் கண்ணாடி. இடது குழலில் தோட்டா உட்காரும் இடத்தை ஒட்டி அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஸ்டேஷன் ஈரம் தின்றது.

"இடதுல சுடவே கூடாது. வலதுல பழைய கரிமருந்துத் தோட்டா மட்டும் போடுங்க. புகை வராத புது மருந்து போட்டீங்கன்னா, நான் பொறுப்பில்ல. சுட்ட அன்னைக்கே கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவித் தொடச்சி, தையல் மிஷின் எண்ணெய் போட்டு வைங்க."

"இதுக்கு மதிப்பு இன்னா இருக்கும்?"

"சுடறவனுக்குக் கம்மி. சுவத்துல மாட்டிப் பார்க்கறவனுக்கு ஜாஸ்தி. நீங்க எது?"

கரிமருந்துத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் கொல்லையில் துப்பாக்கியை மாட்டுவண்டிச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினேன். வலது விசையில் கயிற்றைக் கட்டி, ஒரு பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன்.

"வண்டி பன்னி சுடப் போவுது, எல்லாரும் ஒதுங்குங்க!" என்று மைத்துனன் பக்கத்துக் கொல்லையில் களை எடுக்கும் பெண்களிடம் கூவினான்.

கயிற்றை இழுத்தேன். மலை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது. வெள்ளைப் புகை கலைந்ததும் ஓடிப்போய்க் குழலைத் தடவினேன். முழுசாக இருந்தது. இன்னொரு தரம் இழுத்தேன். அப்போதும் முழுசாகத்தான் இருந்தது.

"மாமா, தோட்டா தீர்ந்துட்டா பன்னிக்குக் கயிறுதான் மீதி," என்றான் மைத்துனன்.

அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். குழலிலிருந்து கறுப்புத் தண்ணீர் வந்தது, அழுகின முட்டை நாற்றத்தோடு. இந்த மருந்தில் என்னதான் கலப்பார்களோ என்று மோந்து மோந்து பார்த்தேன்.

அடுத்த விடியலில் பன்றிகள் வந்தன. நானும் மனைவியும் மைத்துனனும் கொல்லையின் காவல் கொட்டாயில் இருந்தோம். பாறைச் சந்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிச் செடியை மூக்கால் நெம்பின. மல்லாட்டை கடிபடும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை வண்டிச் சக்கரம் இல்லை. கட்டையைத் தோளில் அழுத்தி, இடது கையைக் குழலுக்குக் கீழே கொடுத்தேன். கண்ணை மூடாமல் சுட வேண்டும் என்று நினைத்தேன், மூடிக்கொண்டுதான் சுட்டேன்.

தோளில் யாரோ உலக்கையால் இடித்தது போலிருந்தது. கண்ணைத் திறந்தபோது புகைக்கு அப்பால் பன்றிகள் பாறைமேல் தாவி ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின்மீதும் குண்டு பட்டதாகத் தெரியவில்லை. மைத்துனன் பாத்திக்குள் இறங்கி ஓடினான். காதில் 'ஙொய்' என்ற ஒலியைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழலைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை இறுக்கியிருந்த என் இடது கையை விடுவித்து, மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை விடாமல் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.