பெருமுக்கலில் ஒலிக்கும் ஷண்டர்ஸ் தட்டு

விழுப்புரம் ரயில் நிலையத்தில் காலை எட்டே முக்காலுக்கு இறங்கினேன். 1986, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. டேப் ரெக்கார்டர் ஒன்று, கேசட் இரண்டு, பேட்டரி ஆறு, மாற்றுப் பேட்டரி ஆறு. வெளியே வந்ததும் மறுபடி எண்ணிப் பார்த்தேன். எழுபத்தோரு வயதில் இந்த அலைச்சல் எதற்கு என்று மருமகள் கேட்டாள். இருபது வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்த நான்கு பையன்கள் மின்சார கிதாரில் போட்ட சத்தத்தைப் பொறுக்காமல் சண்டைக்குப் போனேன். பாதிப் படியில் நின்று கேட்டேன். அன்று பிடித்தது இந்த ராக் பைத்தியம். தென்னாட்டில் ராக் வாசித்து, ஒரே ஒரு இசைத்தட்டோடு காணாமற்போன குழுக்களின் வரலாற்றை எழுதிவருகிறேன். பதினொன்று முடிந்தன. பன்னிரண்டாவது, விழுப்புரம் ரயில்வே காலனியின் 'ஷண்டர்ஸ்'.

அதில் டிரம்ஸ் வாசித்த டேனியல் இப்போது லோகோ ஷெட்டில் ஃபிட்டர். நிலைய வாசலில் நின்றிருந்தார். நூறு தட்டுகள் போட்டார்களாம். அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. கூட வாசித்த மூவரும் வெளிநாடு போய்விட்டார்கள்.

"எம் பையன் காலேஜ் படிக்கிறான் சார். 'கல்யாணத்துல தவுல் தட்டிக்கினு இருந்திருப்ப, ராக்காம் ராக்'னு சிநேகிதப் பசங்க எதிர்லயே சொல்றான். தட்டுல எம் பேரு அச்சடிச்சிருக்கு. அத்த அவன் கையில குடுத்துட்டா போதும்."

தடயம் தற்செயலாகக் கிடைத்தது. ஷெட்டில் வேலை செய்யும் பெருமுக்கல்காரர் ஒருவர் ஷண்டர்ஸ் மெட்டை வாயாலேயே வாசித்துக்கொண்டிருந்தாராம். எங்கே கேட்டது என்று டேனியல் விசாரித்ததற்கு, எங்க ஊர் மைக் செட்டில் என்றாராம்.

இருவரும் பஸ் ஏறினோம். திண்டிவனத்துக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், கட்டணம் மூன்று ரூபாய். பையை சீட்டில் வைத்திருந்தேன்.

"பெரியவரே, பையிக்கு டிக்கெட் வாங்கிட்டியா?" என்றார் கண்டக்டர். மடியில் வைத்துக்கொண்டேன். பேட்டரி உருண்டிருக்குமோ என்று திண்டிவனம் வரை கவலை.

அங்கிருந்து டவுன் பஸ். பெருமுக்கல் மலை தூரத்திலேயே தெரிந்தது, பாறை மேல் பாறையாக. பதினொன்றரைக்கு மாரியம்மன் கோயில் முன் இறங்கினோம். கூழ் ஊற்றும் திருவிழா. கேப்பைக் கூழுக்குப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. அறுபத்து நான்கு வரை எண்ணினேன். வேப்பமரத்திலும் கம்பங்களிலும் நான்கு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டிருந்தார் மைக் செட் முனுசாமி.

"அந்த இங்கிலீசுத் தட்டா? அது டெஸ்டிங் தட்டுங்க. பாண்டியில பழைய சாமான் கடையில வாங்கினது. ஒசந்த சத்தமும் இருக்கு, அடிச் சத்தமும் இருக்கு. அது நல்லா கேட்டா சாமி பாட்டு தானா கேக்கும். அத்தப் போடாம ஒரு திருவிழாவும் நான் ஆரம்பிச்சது கெடையாது."

டேனியல் தட்டை வாங்கினார். நடுவில் இருந்த காகிதத்தை வெள்ளைப் பெயிண்ட் முழுக்க மூடியிருந்தது. அதன் மேல் சிவப்பில் 'முனுசாமி ஒலிபெருக்கி' என்று எழுதியிருந்தது.

"வாடகைக்குப் போற எடத்துல தட்டு மாறிப்பூடும். எல்லாத்துலயும் நம்ம பேரு எழுதிடுவேன்."

நகத்தால் சுரண்டிப் பார்த்தார் டேனியல். காகிதமும் சேர்ந்து பெயர்ந்தது. நிறுத்திவிட்டார். "இது நான் அடிச்ச டிரம்முங்க," என்றார் மெதுவாக.

"அப்படியா? மாமல்லபுரம் தேரெல்லாம் நான் செதுக்கினதுப்பா," என்றார் முனுசாமி. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

நான் ரெக்கார்டரை முடுக்கினேன். ஊசி இறங்கியது.

பதினொரு குழுக்களைக் கேட்டவன் நான். இப்படிக் கேட்டதில்லை. கிதார் நான்கு குழாய்களிலிருந்தும் கிளம்பி மலையில் மோதி, ஒரு கணம் தாமதித்துத் திரும்பி வந்தது. கீழே ஒரு பாட்டு, பாறையிலிருந்து இன்னொரு பாட்டு. "இந்த எதிரொலிக்குத்தான் சார் ஸ்டுடியோல ரெண்டு நாளு கெஞ்சினோம். மிஷின் இல்லன்னுட்டாங்க," என்றார் டேனியல். ஊரே டிரம்ஸை வாயால் வாசித்தது, கூழ் ஊற்றும் பெண்கள் உட்பட.

டேனியல் காலி டீசல் டின்னை இழுத்துப் போட்டு விரல்களால் சேர்ந்துகொண்டார். ஓரிடத்தில் தட்டு கீறலில் தாவியது. ஊரும் பழகிய மாதிரி கூடவே தாவியது. டேனியல் மட்டும் தாவவில்லை. தட்டு விழுங்கியதை வாசித்தபடி பின்தங்கினார்.

"தாளம் தப்பிச்சி! தாளம் தப்பிச்சி!" என்று கூச்சல்.

முனுசாமி ஊசியைத் தூக்கினார். "இரு. அத்த இன்னொருக்கா அடி."

டேனியல் அடித்தார். டின் சத்தம் மட்டும் மலைக்குப் போய் வந்தது.

"வாங்கின மொத வருசம் இது தட்டுல இருந்திச்சு. அப்பறம் ஆடு இடிச்சு கீறல் வுழுந்திச்சு. அதுக்கப்பறம் இத்த யாரும் கேட்டதில்ல." அவர் டேனியலையே பார்த்தார். "யோவ், நீதானாய்யா அது?"

தட்டைத் தர மாட்டேன் என்றார், டெஸ்டிங்குக்கு வேறு இல்லையாம். ஆனால் பெட்டியிலிருந்து சிவப்புப் பெயிண்ட்டை எடுத்தார். தன் பெயருக்குக் கீழே, இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கி, 'டிரம்சு டேனியல்' என்று எழுதினார். காயும் வரை மூன்று பேரும் ஊதினோம்.

மாலை நாலே காலுக்குத் திரும்பும் பஸ். பாட்டைப் பதிந்த கேசட் டேனியலின் சட்டைப் பையில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வற்புறுத்தித் தட்ட வாங்கியிருக்கலாமே?" என்றேன்.

"இங்கயே இருக்கட்டும் சார். அடுத்த ஆடிக்குப் பையன இட்டுக்கினு வர்றேன். எம் பேர அவனே படிச்சிக்கட்டும்."

சென்னையில் என் அலமாரியில் பதினொரு தட்டுகள் உறையோடு இருக்கின்றன. ஒன்றிலும் கீறல் இல்லை. யாருக்கும் அவை மனப்பாடமும் இல்லை.