காற்றை அளக்க வந்தவர்

இந்தியக் கம்பனியொன்று இலங்கையின் மன்னார்த் தீவில் காற்றாலை அமைக்க இடம் பார்த்தபோது, அதன் பொறியியலாளருக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அவர் இமயமலைப் பக்கத்து மனிதர், தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில்தான் பேசுவார். நான் மன்னார்ப் பெருநிலத்திலுள்ள பெரியமடுக்காரி. எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. அதற்கும் முன்னர் பஞ்சம் பிழைக்க இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. அந்த நாடு இன்று அயல்நாட்டில் மின்சாரம் எடுக்க வருகிறதென்றால் அதன் ஆள் எப்படி இருப்பார் என்று பார்க்க எனக்கு ஆசை.

தீவின் ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் கூட்டம் வைத்தார்கள். அவர் திரையில் படங்கள் காட்டி விளக்கினார். கருவாடு போடும் அக்கா ஒருவர் எழுந்தார்.

"உங்கட நாட்டு இழுவைப் படகுகள் வந்து எங்கட வலையை அறுக்குது. அதை நிப்பாட்ட ஏலாத நீங்கள், காத்தாடி நட்டால் மீன் ஓடாது எண்டு என்னெண்டு சொல்லுவீங்கள்?"

ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். படகுகளுக்கும் தன் கம்பனிக்கும் சம்பந்தமில்லை என்றார் அவர்.

"உங்களுக்கு அது வேற, இது வேற. எங்களுக்கு எல்லாம் இந்தியாதான்."

திரும்பும் வழியில் அவர் போருக்குப் பிறகு இங்கே இந்தியாவிலிருந்து வீடுகள்கூடக் கட்டித் தந்தோமே, ஏன் நம்பவில்லை என்று கேட்டார். எங்கள் வீடும் அப்படிக் கிடைத்ததுதான் என்றேன். உங்கள் ஊரில் இப்படி யாரும் வந்ததில்லையா என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். அணை கட்ட வந்தார்களாம். அவருடைய அம்மா மண் தோண்ட வந்த இயந்திரத்துக்கு முன்னால் வீதியில் உட்கார்ந்தாராம்.

"அணை வந்ததா?"

வந்தது, வீட்டை மேட்டுக்கு மாற்றினார்கள் என்றார். அம்மாவுக்கு மின்சாரம் பிடிக்கும், புது வீடு பிடிக்காது.

மறுநாள் காலை, படங்கள் எதுவும் இல்லாமல், அந்த அக்காவிடம் கூட்டிப்போகச் சொன்னார். அறுந்த வலையை மணலில் விரிக்கச் சொல்லிப் பார்த்தார். படகுகள் எவ்வளவு கிட்ட வருகின்றன என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அக்கா தேத்தண்ணி கொடுத்தார்.

சில மாதங்களில் அந்தத் திட்டம் நின்றுபோனது. கொழும்பு நிறுத்தியது என்றார்கள், டெல்லி என்றார்கள், சீனா என்றும் சொன்னார்கள். பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். தானும் பேப்பரில்தான் படித்தாராம். வலை பற்றி எழுதியதை மேலதிகாரியிடம் கொடுத்தபோது, அது வெளியுறவு அமைச்சு பார்க்க வேண்டியது என்று சொல்லிவிட்டாராம்.

அதை அக்காவிடம் சொன்னேன்.

"அந்த அமைச்சின்ர கந்தோர் எங்க இருக்கு?" என்று கேட்டார். நானும் கைபேசியில் அதன் முகவரியைத் தேடத் தொடங்கினேன்.