மெரினாவில் மாப்பிள்ளை விசாரணை

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஒரு முறை உண்டு. அவன் வீட்டுக்கு நேரே போகக் கூடாது. யாரோ வழிப்போக்கன் மாதிரி ஊரில் இறங்கி, டீக்கடையில் ஒரு டீ, சலூனில் ஒரு சேவிங். அந்த இரண்டு இடத்துக்கும் தெரியாத விஷயம் ஊரில் நடந்தே இருக்காது. சீர்காழியில் என்றால் அரைநாள் வேலை. என் தங்கைக்கு வந்த வரன் சீர்காழிக்காரன்தான். ஆனால் வேலை பார்த்தது மத்தியதரைக் கடலில் ஒரு பொடித் தீவில்.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டுக்கு நான். சுற்றுலாக் கப்பல் ஒன்றில் இருந்தேன். 'கப்பல்ல ஆபீசர்' என்று அப்பா தஞ்சாவூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆபீசர் அடித்தட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இது வீட்டில் தங்கைக்கு மட்டும் தெரியும்.

தரகர் கொடுத்த போட்டோவில் மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு ஒரு வெள்ளைப் படகின் மேல் நின்றான். "சொந்தப் படகு. மெரினாவுல இருக்காரு" என்றாராம் தரகர்.

"மெரினாவுல என்ன, சுண்டல் விக்கிறானா?" என்று அப்பா எனக்குப் போன் போட்டார். பணக்காரர்கள் உல்லாசப் படகைக் கட்டி வைக்கிற துறைக்கும் அதுதான் பேர் என்று விளக்கினேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அவ்வளவு தெரியுதுல்ல, நீயே போய்ப் பாத்துட்டு வா. சாயங்காலம் பக்கத்து வீட்டு போன்கிட்ட உக்காந்திருப்போம். நீ சரின்னா பூ வைக்கிறோம், இல்லன்னா இல்ல. தங்கச்சி வாழ்க்கைடா."

கப்பல் நின்ற துறைமுகத்திலிருந்து ஒரு சின்னப் படகில் தீவுக்குக் கிளம்பினேன். ஏறியதிலிருந்தே எதுவும் சரியாகப் படவில்லை. அடியில் கிடக்கும் கல் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிவு. காவிரியில் புதுத்தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். தெளிந்துவிட்டால் மேட்டூரில் என்னவோ நடந்துவிட்டது என்று அர்த்தம். தெளிந்த தண்ணீரைப் பார்த்தாலே என் மனசு கலங்கிவிடும். இறங்கிய இடத்தில் படகுகள் சந்தை மாடு மாதிரி வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. ஆளில்லாமல் எதற்கு இத்தனை படகு? கடத்தலாகத்தான் இருக்கும்.

காலையில்தான் மழித்த முகத்தைச் சலூனில் மறுபடியும் மழிக்கக் கொடுத்தேன். "இங்கே ஒரு இந்தியன் இருக்கிறானாமே, எப்படி?" என்று என் கப்பல் ஆங்கிலத்தில், சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன். முடிவெட்டுகிறவர் என்னைக் கண்ணாடியில் ஒருமுறை, நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு, "குட் மேன்" என்றார். காப்பிக் கடையிலும் "குட் மேன்". வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரும் "குட் மேன்". எங்கள் ஊரில் யாராவது ஒருவராவது "பையன் தங்கம், ஆனா..." என்று இழுப்பார். இங்கே ஒரு 'ஆனா' கூட இல்லை. ஊரையே வளைத்துப் போட்டிருக்கிறான்!

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். போட்டோவில் இருந்த அதே வெள்ளைப் படகு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவன் கையில் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு இந்தக் கன்னத்தில் ஒரு முத்தம், அந்தக் கன்னத்தில் ஒரு முத்தம். கரையில் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்து, முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"அதுல சாயாதீங்க" என்று தமிழில் ஒரு குரல். "இப்பதான் அடிப்பக்கம் பெயிண்ட் அடிச்சேன்."

என் வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கச் செங்கல் நிறம்.

"சேவிங் நல்லா பண்ணிருக்காரு" என்றான் மாப்பிள்ளை. "ஒங்கள மச்சான்னு கூப்பிடலாமா, இல்ல விசாரணை முடியட்டுமா?"

"எப்படித் தெரியும்?"

"இந்தத் தீவுல நம்ம நெறத்துல நான் ஒருத்தன்தாங்க. இன்னிக்கு இன்னொருத்தரு வந்து என்னையப் பத்தியே கேட்டா? நீங்க காப்பி குடிக்கிறதுக்குள்ள சலூன்காரரு ஆள் விட்டுட்டாரு."

ஒரு படகின் அறையில்தான் அவன் குடியிருந்தான். சோறும் மீன்குழம்பும் வைத்திருந்தான். குழம்பு நன்றாக இருந்தது, அதுவும் சந்தேகத்துக்குரியதே. "தண்ணி தெறந்துட்டாங்களா?" என்று ஊரைக் கேட்டான். ஐஸ் வைக்கிறான் என்று நினைத்தேன்.

"படகு என்னுது இல்லங்க" என்றான் திடீரென்று. "கழுவுவேன், பெயிண்ட் அடிப்பேன், ஓனருங்க இல்லாதப்ப பாத்துக்குவேன். தரகர் கொளுத்திப் போட்டுட்டாரு. ஒங்க தங்கச்சிட்ட நீங்களே சொல்லிருங்க. அவங்களுக்குத் தெரிஞ்சு சரின்னாதான் எனக்கும் சரி."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். இதை நான் சொன்னால் கல்யாணம் நின்றாலும் நிற்கும்.

"ஒங்களையும் விசாரிச்சேங்க" என்றான். "ஒங்க கப்பல்ல துணி வெளுக்குறாரே நாகப்பட்டினத்துக்காரரு, போன தடவை கரைக்கு வந்தப்ப கேட்டேன். ஆபீசர் வெங்காயம் உரிச்சா கண்ணு எரியாதாமே?"

சிரித்துத் தொலைத்தேன். இருந்தாலும் விடவில்லை. "அந்த அம்மா?"

"ஓனரு. ஊருக்குப் போறாங்க. இங்க அப்படித்தான் சொல்லிக்குவாங்க. இருங்க, ஒங்களுக்கும் கெடைக்கும்."

கிளம்பும் முன் அந்த அம்மாள் எங்கள் பக்கம் வந்தார். கிடைத்தது. இரண்டு கன்னத்திலும். என் முகமும் முதுகு நிறத்துக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் துறைமுகத்திலிருந்து போன் போட்டேன்.

"பையன் நல்ல பையன்பா."

"ஆனா?"

"ஆனா ஒண்ணும் இல்ல."

"என்ன வாங்கிக் குடுத்தான் ஒனக்கு?" என்றார் அப்பா.

"தங்கச்சிட்ட குடுங்க."

போன் கை மாறியது. "படகு அவருது இல்ல. கழுவுறாரு. ஒங்கிட்ட சொல்லச் சொன்னாரு" என்றேன் ஒரே மூச்சில்.

"அவராவா சொன்னாரு?"

"நான் கேக்காமயே."

"நீ வெங்காயம் உரிக்கிறதச் சொல்ல ஒனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். "படகு கழுவுறவரு பாத்திரம் கழுவ மாட்டாரா? சரின்னு சொல்லிரு."

அப்பா போனைப் பிடுங்கினார். "வேற ஒண்ணும் இல்லையே? ஒழுங்காப் பாத்தியா?"

அந்த அம்மாளின் நினைவு வந்தது. மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

"ஒண்ணும் இல்லப்பா" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன்.