ஒரிஜினல் கார்புரேட்டர்

பக்கத்து வீட்டுக் கராஜிலிருந்து பெட்ரோல் வாடை வந்ததும் பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் இருந்த எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளில் அங்கே அப்பா பழைய மஸ்டாங் கார் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். ஆணியைக்கூட அந்தக் காலத்து அமெரிக்க ஒரிஜினலாகவே தேடுவார். கடைசியில் கார்புரேட்டர் மட்டும் பாக்கி. புற்றுநோயில் மெலிந்துபோன அம்மா, கராஜ் வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருப்பார்.

“இங்க கிடைக்கிறதைப் போடுங்கோவன். ஒருக்கா இதில கடற்கரைக்குப் போய் வருவம்.”

“ஒரிஜினல் கப்பல்ல வருது. கொஞ்சம் பொறுமப்பா,” என்பார் அப்பா.

அம்மாவை அடக்கம் செய்த பிறகுதான் பார்சல் வந்தது. அப்பா அதை அன்றைக்கே எஞ்சினில் பூட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு பிசிறில்லாமல் ஓடியது.

“வெளியில எடுங்கோவன், அப்பா,” என்றேன்.

“ஆரோட போறது, பிள்ளை?” என்று கேட்டுவிட்டு அவர் எஞ்சினை நிறுத்தினார்.